‘கீழ ஆளு!’

மேலே எதையாவது ஏற்றும்போதும் இறக்கும்போதும் எங்கள் தொழிலில் ஒரு சத்தம் போடுவோம்: ‘கீழ ஆளு!’ அதைக் கேட்டவன் அண்ணாந்து பார்க்கக் கூடாது. அண்ணாந்தால் முகத்தில் வாங்குவான். தலையைக் குனிந்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஓட வேண்டும். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா இதைச் சொல்லிக் கொடுத்தார். வாயால் சொன்னால் பையன் மறந்துவிடுவான் என்று, வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னையில் ஏறி உட்கார்ந்துகொண்டு காய்ந்த மட்டையாக உருவிப் போட்டார். போடுவதற்கு முன் சத்தம் கொடுப்பார். நான் ஓடுவேன். முதல் நாள் இரண்டு முறை அண்ணாந்து பார்த்தேன். இரண்டாவது முறை மட்டை புருவத்தைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா அன்றைக்கு அப்பாவோடு பேசவில்லை. அப்பா மறுநாளும் மரத்தில் ஏறினார்.

புதுச்சேரிப் பகுதியில் உள்ள பண்டசோழநல்லூரில் எங்கள் வீட்டைப் பந்தல்கார வீடு என்பார்கள். தாத்தா கல்யாணப் பந்தலும் கூத்துக் கொட்டகையும் போட்டார். அப்பா பதினாலு வயதில் ஒரு நாடகக் கம்பெனியோடு கிளம்பிப் போய், படுதா இழுக்கிறவராகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, நெட்டப்பாக்கம் கொம்யூன் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறிய பிறகு ஊருக்குத் திரும்பினார். நான் சவுக்குக் கழியில் தொடங்கி, டிரஸ் என்கிற அலுமினிய விளக்குச் சட்டகம் வரைக்கும் பார்த்துவிட்டேன். மேடையில் நின்றவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். மேடைக்கு மேலே என்ன தொங்கியது, அதற்கு அடியில் யார் நின்றார்கள் என்பதை அதே தொழிலில் இருந்தவன்தான் சொல்ல முடியும்.

தாத்தா காலத்துக் கூத்தில் தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக்குக் களம்தான் மேடை. வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியை இரு முனையிலும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், கிரீடத்தின் நுனி தெரியும், பிறகு துணி விலகும். அவ்வளவுதான் திரை. அது அறுந்து விழுந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வெளிச்சத்துக்கு முதலில் தீவட்டி, பிறகு கழியில் மாட்டிய பெட்ரோமாக்ஸ். பெட்ரோமாக்ஸ் ஒன்றுதான் அந்தக் களத்தில் உயரத்தில் தொங்கிய கனமான பொருள். அதன் நேர் கீழே மிருதங்கக்காரரை உட்கார வைக்கக் கூடாது என்று தாத்தா சண்டை போடுவாராம்.

பாரதக் கூத்தில் ஓர் இடம் மட்டும் வேறு மாதிரி. அர்ஜுனன் தபசு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் தபசு மரம் நடுவார்கள். உயரமான மரத்தில் படிக்கட்டை அடித்து, உச்சியில் உட்காரப் பலகை கட்டி, நாலு பக்கமும் தாம்புக்கயிறு இழுத்து முளையில் கட்டுவார்கள். அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் வில்வமும் விபூதியும் கீழே போடுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் காத்திருந்து அதை மடியில் ஏந்துவார்கள். விழும் பொருளுக்காக மனிதர் கூடி நிற்கும் இடம் அது ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, தபசு மரத்துக்கு எங்கள் ஆட்கள் எடுக்கும் கவனம் வேறு எதற்கும் எடுத்ததில்லை. நடுவதற்கு முன் மரத்தைத் தரையில் கிடத்தி, அடி முதல் நுனி வரை கொட்டாப்புளியால் தட்டிக் கேட்பார் தாத்தா. பொக்கையான இடத்தில் ஓசை மாறும். படி ஒவ்வொன்றின் மேலும் அவரே ஏறி நின்று குதித்துப் பார்ப்பார். மழை பெய்தால் கயிறு இறுகும், வெயில் அடித்தால் தளரும். அதனால் சாயங்காலம் கட்டியதை நடுச்சாமத்தில் ஒரு தரம் இழுத்துப் பார்க்க ஓர் ஆள் தூங்காமல் இருப்பான். சாமி காரியம் என்பதால் செய்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். மேலே ஆள், கீழே ஆள் என்பதால் செய்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

தலைக்கு மேல் பாரம் வந்தது நாடகக் கம்பெனிகளோடு. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத் தமிழ்நாட்டில் படமெழுதிய திரைகள் வந்தன. தர்பார், காடு, தெரு, கோட்டைவாசல் என்று காட்சிக்கு ஒரு படுதா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. கன்னையாவின் கம்பெனி ‘தசாவதாரம்’ போட்டபோது காட்சி அமைப்பைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பின்னால் நவாப் ராஜமாணிக்கம் தம் தேவி பால விநோத சங்கீத சபாவில் அதை இன்னும் பெரிதாக்கினார். அதற்கும் பின்னால் ஆர்.எஸ். மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்களில் தந்திரக் காட்சிகளுக்கென்றே பேர் எடுத்தார். ஆகாயத்திலிருந்து ஆள் இறங்குவது, கண்மூடித் திறப்பதற்குள் அரண்மனை காடாவது, இவையெல்லாம் கைதட்டல் வாங்கின. அத்தனைக்கும் மேலே கப்பியும் கயிறும், ஓரத்தில் இழுக்கிற ஆளும் இருந்தார்கள்.

புதுச்சேரிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. நாடக உலகத்தின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று இங்கேதான் காலமானார். கருவடிக்குப்பத்தில் சமாதி இருக்கிறது. வருஷா வருஷம் அந்த நாளில் நாடகக்காரர்கள் வந்து கும்பிடுவார்கள். அப்பா தவறாமல் போவார். சுவாமிகளை அவர் பார்த்ததில்லை, அப்பா பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் போகும்போது ஒரு முழம் நூல் கயிறு எடுத்துப்போய் மாலையோடு வைத்துவிட்டு வருவார். படுதா இழுத்தவன் வேறு என்ன வைப்பான் என்பார்.

அப்பா சொல்லிச் சொல்லி அந்தப் படுதாவின் நடைமுறை எனக்கு மனப்பாடம். இருபது அடி அகலம், பதினைந்து அடி உயரம் உள்ள காடாத்துணி. வஜ்ஜிரம் கலந்த வண்ணம் பூசியதும் துணி கனத்துவிடும். அடியில் உருட்டுக் கழி. கழியின் இரு முனையிலும் கயிறு சுற்றி, அதை மேலே உத்தரத்தில் உள்ள கப்பி வழியாக ஓரத்துக்குக் கொண்டு வந்திருக்கும். இழுத்தால் கழி தன்னைத்தானே உருட்டிக்கொண்டு துணியைச் சுருட்டியபடி மேலே போகும். விட்டால் இறங்கும். கழியும் துணியும் சேர்ந்து முப்பது கிலோவுக்குக் குறையாது. இப்படி எட்டுப் பத்துப் படுதா ஒன்றன்பின் ஒன்றாக, சாண் இடைவெளியில் தொங்கும். அதன் அடியில்தான் நடிகர்கள் நின்று பாடினார்கள். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் ஆட்டம் முடிந்து அலுப்பில் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள்.

கயிறு எங்கே அறும் என்று அப்பா கேட்பார். நடுவில் என்பேன். இல்லை, கப்பி மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அறும். படுதா மேலே சுருண்டு நிற்கும் நேரமெல்லாம் பாரம் முழுவதும் கயிற்றின் அதே ஒரு விரற்கடைமேல் விழுகிறது. கீழிருந்து பார்த்தால் அது தெரியாது, கப்பி மறைத்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் கட்டும் முனையில் ஒரு சாண் கயிற்றைத் தள்ளிக் கட்டுவார்கள். பாரம் புது இடத்துக்கு மாறும். தேய்ந்த இடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்துவிடும். ஒரு சாண்தான். அந்த ஒரு சாணுக்குக் கயிறு மிச்சம் இல்லை என்று முதலாளி முணுமுணுத்தால், அந்தக் கொட்டகையில் படுக்காதே என்பது அப்பாவின் சட்டம். கப்பலில் பாய் கட்டிய மாலுமிகளும் இதையேதான் செய்தார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஐரோப்பிய நாடகக் கொட்டகைகளில் ஆரம்ப காலத்தில் கயிறு இழுத்தவர்களில் பலர் கப்பல்காரர்கள், அவர்கள் சீட்டியடித்துச் சைகை கொடுத்ததால்தான் அங்கே இன்றைக்கும் மேடையில் சீட்டியடிக்கக் கூடாது என்று ஒரு சொல்வழக்கு உண்டு. தப்பான சீட்டிக்குத் தப்பான கயிறு இறங்கும்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் விசில் ஊதினால் படுதா ஏறும், இறங்கும் என்பார் அப்பா. அவர் இருந்த கம்பெனியில் ஒருநாள் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தான். ஓரத்தில் புதிதாக வந்திருந்த பையன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கழி ஒருபக்கமாக இறங்கி, கீழே சாமான் எடுத்துக்கொண்டிருந்த பதிமூன்று வயதுப் பிள்ளையின் காதோரம் அடித்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, அந்தக் காது போயிற்று. நாரதர் வேஷம் கட்டுகிற பிள்ளை. சுருதி கேட்காமல் எப்படிப் பாடுவான்? மறுவாரம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி அப்பா எழுபது வயதிலும் பேசினார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் விசிலுக்குமேல் ஒரு சத்தம் சேர்ந்தது. கயிற்றில் கை வைக்கிறவன் முதலில் ‘கீழ ஆளு!’ என்பான். கீழே இருக்கிறவன் ‘ஆள் இல்ல!’ என்று பதில் கொடுத்த பிறகுதான் கயிறு அவிழும். பதில் வராவிட்டால் காட்சி நின்றாலும் நிற்கட்டும்.

சட்டம் இதில் எங்கே இருந்தது என்று கேட்டால், வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1876-ல் வந்த நாடகச் சட்டம் நடிகன் என்ன பேசுகிறான் என்று கவனித்தது. 1888-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது இடங்கள் சட்டம் கூட்டம் கூடுகிற இடத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. வெளிநாட்டிலும் பெரிய மாற்றங்கள் பார்வையாளர் செத்த பிறகுதான் வந்தன. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வா தியேட்டரில் மேடைக்கு மேலே விளக்குப் பொறி திரையில் பற்றியது. தீயைத் தடுக்க இறக்க வேண்டிய கல்நார்த் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. அறுநூறு பேருக்குமேல் செத்தார்கள். அதன்பின் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது வரை விதி எழுதினார்கள். நல்ல விதிகள்தான், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அவை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனை நினைத்து எழுதியவை. கயிற்றடியில் நிற்பவனுக்கு அவன் தகப்பன் சொல்லிக் கொடுத்த சத்தம்தான் விதி.

நான் தொழிலுக்கு வந்தது எண்பதுகளில். மதகடிப்பட்டுச் செவ்வாய்ச் சந்தைக்கு அப்பாவோடு போய்க் கயிறு எடுத்தது போய், நைலான் கயிறு கடையிலேயே சல்லிசாகக் கிடைக்கத் தொடங்கிய காலம். நைலான் மழைக்கு இறுகாது, மக்காது. எல்லோரும் மாறினோம். இரண்டு விஷயம் பிறகுதான் புரிந்தது. நார்க்கயிற்றில் நிற்கிற முடிச்சு நைலானில் வழுக்கும். ஒரு சுற்று போதும் என்ற இடத்தில் மூன்று வேண்டும். வெயிலில் கிடந்த நைலான் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே செத்திருக்கும். நார்க்கயிறு அறுவதற்கு முன் பிசிறு காட்டும், முனகும். நைலான் படாரென்று போகும். அப்பாவுக்கு அந்தக் கயிறு கடைசிவரை பிடிக்கவில்லை. சொல்லாமல் சாகிற கயிறு என்பார்.

பிறகு மெல்லிசைக் கச்சேரி மேடைகள், பார் லைட் வரிசை, இரும்பு டிரஸ், அலுமினிய டிரஸ், செயின் பிளாக், இப்போது எல்இடி திரை. ஒரு பலகை எட்டுக் கிலோ. இருபதுக்குப் பத்தடித் திரைக்கு எழுபதுக்குமேல் பலகைகள். அரை டன்னுக்கு மேல். அப்பாவின் மொத்தப் படுதாக்களும் சேர்ந்தாலும் இதில் பாதிதான் தேறும். சுழலும் லைட் ஒன்று இருபது, முப்பது கிலோ. எடை இப்படி ஏறியது. அதற்கேற்ற சாமானும் வந்தது, உண்மை. லைட் ஒவ்வொன்றுக்கும் கிளாம்ப் போக, டிரஸ்ஸில் சுற்றி மாட்ட ஒரு எஃகு வயர் உண்டு. கிளாம்ப் விட்டாலும் அந்த வயர் பிடித்துக்கொள்ளும். விலை அதிகமில்லை. ஆனால் மாட்டக் கழற்ற ஒரு லைட்டுக்கு அரை நிமிஷம் ஆகும். ஒரு ராத்திரியில் ஒரு ஊரில் பிரித்து விடிவதற்குள் இன்னொரு ஊரில் கட்ட வேண்டியவனுக்கு அந்த அரை நிமிஷம்தான் பெரிதாகத் தெரிகிறது.

2009 மாசி மாதம். கடலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. யார் மேடை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். நான் மேலே, ஏணியில். என் அக்கா மகன் கீழே வயர் சுற்றிக்கொண்டிருந்தான். டிரஸ் ஏற்கெனவே ஏறிவிட்டது. ஓரத்து பார் லைட் கொஞ்சம் தலைகவிழ்ந்திருக்கிறதே என்று கை வைத்தேன். கிளாம்ப்பை யாரோ கையாலேயே திருகிவிட்டுப் போயிருந்தான், ஸ்பேனர் படவில்லை. எஃகு வயரும் இல்லை. லைட் என் பிடியிலிருந்து நழுவியது எனக்கு இன்னும் விரலில் இருக்கிறது, சூடாக. ‘கீழ ஆளு!’ என்று கத்தினேன். என் காதுக்கே கேட்கவில்லை. சவுண்டு செட் ஆட்கள் அந்த நேரம்தான் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இருபது அடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஒரு நொடிக்குக் கொஞ்சம்தான் கூடுதலாகும். பையனுக்கும் மட்டை போட்டுத்தான் பழக்கியிருந்தேன். சத்தம் கேட்டிருந்தால் நகர்ந்திருப்பான். கேட்கவில்லை. தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. கை முழுதாக மேலே போகாது இனி. தொழிலை விட்டுவிட்டுச் சின்ன யானை லோடு வண்டி ஓட்டுகிறான். என்னை மாமா என்று கூப்பிடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஒன்று விளங்கியது. எங்கள் பரம்பரைப் பாதுகாப்பு முழுவதும் குரலில் இருந்தது. பாரம் பல மடங்கு ஏறியதைப் பார்த்தோம், பேசினோம். ஸ்பீக்கர் வந்து அந்தக் குரலை விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை. அப்பா காலத்தில் மேடையில் ஆர்மோனியம் தவிரச் சத்தம் ஏது?

எங்கள் ஊர் மேடையில் மட்டும் நடப்பதில்லை இந்த விபத்து. 2012 ஜூன் 16 அன்று கனடாவின் டொராண்டோவில் ஒரு பெரிய கச்சேரிக்கு முன், வாயிற்கதவு திறப்பதற்குள் மேடைக் கூரை இடிந்து விழுந்து, டிரம் சரிபார்த்துக்கொண்டிருந்த தொழிலாளி இறந்தார். ரசிகர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். 2020 பிப்ரவரி 19 ராத்திரி, சென்னைக்கு வெளியே ஈவிபி பிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்பில் விளக்கு ஏற்றிய கிரேன் சாய்ந்து கூடாரத்தின் மேல் விழுந்ததில் மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தவர். அவர் மேலே பார்த்து நடக்க வேண்டிய வேலையா செய்தார்? 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணம் பக்கம் கீழ்வீதியில் கோயில் மயிலேறு விழாவில், சாமிக்கு மாலை போடப் பக்தர்கள் கிரேனில் தொங்கியபடி வந்தபோது கிரேன் சாய்ந்து நாலு பேர் இறந்துபோனார்கள். நேர்த்திக்காரரைக் கொக்கியில் தொங்கவிடும் செடல் மரத்தைக் கையால் சுற்றிய காலத்தில் கயிறு பிடித்தவன் ஒவ்வொருவனும் மரத்தின் கனத்தைத் தன் உள்ளங்கையில் உணர்ந்தான். கிரேனுக்குத் தரை மெத்தென்று இருப்பதைச் சொல்ல உள்ளங்கை கிடையாது. நல்ல ஆப்பரேட்டர் இறங்கிப் போய் மண்ணைக் காலால் மிதித்துப் பார்ப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நல்லது. ஆனால் அது பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தைப் பற்றிப் பேசுகிறது. வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்தில் மேடை கட்டுகிற கூட்டம் எதிலும் பத்துப் பேர் கிடையாது. நாங்கள் ஆறு பேர். எங்கள் மேடைக்குச் சட்டம் வந்து சேரும் வரை டிரஸ் காத்திருக்காது.

ஆகவே எங்கள் கூட்டத்தில் நானே சில கட்டுகள் வைத்திருக்கிறேன். கிளாம்ப் பூட்டியவன் வேறு, ஸ்பேனர் போட்டுப் பார்ப்பவன் வேறு. எஃகு வயர் இல்லாத லைட் வண்டியிலிருந்தே இறங்காது. மேலே போகிறவன் சட்டைப்பையைக் காலி செய்ய வேண்டும். செல்போன், சாவி, ஸ்பேனர் எதுவானாலும் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்க வேண்டும். டிரஸ் ஏறும்போது அடியில் யாரும் இருக்கக் கூடாது, ஊர்த் தலைவரானாலும் சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, டிரஸ் ஏறி நின்று பூட்டும் வரை சவுண்டு செட்டில் ஒரு பொத்தானையும் தொடக்கூடாது. இதற்குத்தான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். ‘அண்ணே, டைம் இல்லண்ணே, மாறி மாறிச் செஞ்சா எப்ப முடியறது?’ என்று சவுண்டுகாரத் தம்பிகள் கேட்பார்கள். இரண்டு திருவிழா வேலை இதனால் என் கையைவிட்டுப் போனது. போகட்டும்.

போன ஆடியில் பக்கத்து ஊரில் மேடை. சாயங்காலம் நாலு மணி. சவுண்டுகாரப் பையன் கையைக் கட்டிக்கொண்டு மிக்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், முகம் தொங்கியிருந்தது. செயின் பிளாக்கில் இரண்டு பக்கமும் இரண்டு பேர். நான் நடுவில் நின்று எண்ணினேன். மேலே ஒருவர், செயினில் இரண்டு, லாரிப் பக்கம் இரண்டு, நான். ‘கீழ ஆளு!’ என்றான் புதுப் பையன். குரல் கோயில் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. ‘ஆள் இல்ல!’ என்றோம். செயின் ஏறத் தொடங்கியது, கடகடவென்று. ஆறடி போனதும் இடது ஓரத்தில் மெல்லிசாக ஒரு கிரீச் கேட்டது. கை காட்டி நிறுத்தினேன். இறக்கிப் பார்த்தால் ஒரு கிளாம்ப்பின் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. சவுண்டுகாரப் பையன் எழுந்து வந்து குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் போய் மிக்சரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தான்.